இடது பின் சக்கரம்

பெயிண்ட் கடைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் கோடியில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். உள்ளே இரண்டு வண்டிகள் நிற்கலாம். இன்னொன்று வந்தால் ஏதாவது ஒன்றை வெளியே தள்ளியாக வேண்டும். அவன் காரை மெல்ல உள்ளே விட்டு நிறுத்தினான். என்ஜினை அணைத்த பிறகும் கைகளை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், யாராவது இறங்கச் சொன்னால் இறங்கலாம் என்பதுபோல.

மெக்கானிக் ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு, அதன் பாகங்களுக்கு நடுவே சம்மணமிட்டிருந்தார்.

"என்ன சார், வண்டிக்கு உடம்பு சரியில்லையா, இல்ல நிழல்ல தூங்கலாம்னு வந்தீங்களா?"

அவன் இறங்கினான். "சத்தம் வருது."

"எங்கேருந்து?"

"பின்னாடி. இடது பக்க சக்கரம்."

"கடகடன்னு வருதா, உர்ருனு வருதா, கீச்சுனு வருதா?"

"கீச்சு."

"கீச்சுன்னா ஜலதோஷம் மாதிரி சார். பயப்பட ஒண்ணும் இல்ல." மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தபடி எழுந்தார். "என் மாமியார் கதவைத் திறந்தாக்கூட அப்படித்தான் சத்தம் வரும். கதவுலேருந்து இல்ல, அவங்ககிட்டேருந்து."

அது சிரிக்க வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. உதடுகளை அதற்குத் தகுந்தாற்போல் விரித்தான்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, சட்டத்தில் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்பதுதான் வேலை. மகள் இறந்த ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டான். எல்லோரும் அதைத் தைரியம் என்றார்கள். அவனுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது, ஆனால் எல்லாம் தள்ளித் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம், டம்ளரில் ஆடை படிந்த தேநீர், தன் கைகள். எதுவும் தன்னைச் சேர்ந்ததாக இல்லை.

மெக்கானிக் ஜாக்கைக் கொடுத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொண்டுபோய் வைத்தார். சத்தமே இல்லை. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "பேரிங் நல்லா இருக்கு." சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தார். தூசியை ஊதினார், தேய்த்தார், கிரீஸ் தடவினார். "பிரேக்கும் நல்லா இருக்கு. என்னதான் வேணுமாம் இதுக்கு?"

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அவனும் ஒரு பக்கம் பிடித்தான்.

"சார்! கை! கையை எடுங்க!"

மெக்கானிக் சக்கரத்தை வெடுக்கென்று இழுத்தார். அவனுடைய ஆள்காட்டி விரல் இரும்புக்கு நடுவில் மாட்டி நசுங்கியிருந்தது. நகத்தின் அடியில் ரத்தம் கட்டிக் கறுத்தது. அவன் அதை யாருடைய விரலோ என்பதுபோலப் பார்த்தான்.

"வலிக்கலையா சார்?"

"வலிக்கும்னு நினைக்கிறேன்."

மெக்கானிக் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அப்புறம் கேலி பேசுவதைக் குறைத்துக்கொண்டார். டார்ச்சை அடித்து, சக்கரத்துக்கு மேலே இருந்த வளைவுக்குள் தலையை விட்டார்.

"ஆங், சிக்கிடுச்சு. இங்க பாருங்க. உள்பக்கம் இந்த பிளாஸ்டிக் மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கு. டயர் இங்கதான் உரசுது. அதான் கீச்சு."

"ஏன் உரசுது?"

"பாரம் ஏறினா உரசும். பின்னாடி கனமா ஏதாவது ஏத்துறீங்களா? மூட்டை, கல்லு, அந்த மாதிரி?"

"ஒண்ணும் ஏத்தறதில்ல. நான் மட்டும்தான்."

ஜாக்கை இறக்கினார். வலது சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே கையை நுழைத்தார். உள்ளங்கை முழுசாகப் போனது. இடது பக்கம் வந்து நுழைத்தார். இரண்டு விரல்தான் போனது.

"ஸ்பிரிங் படுத்துடுச்சு," என்றார். இவ்வளவுதானா என்ற நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. "புதுசு போட்டா எழுந்திரிச்சிடும்."

ஸ்பிரிங் வாங்கிவந்து மாட்ட மத்தியானம் ஆனது. அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து, எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு ஜாக்கை மறுபடி இறக்கினார். குனிந்து கையை நுழைத்தார்.

இரண்டு விரல்.

"புது ஸ்பிரிங் சார்," என்றார் மெக்கானிக், யாரிடமோ புகார் சொல்வதுபோல. "புதுசுமா படுத்துக்கும்?"

தலையைச் சொறிந்தார். டிக்கியைத் திறந்து பார்த்தார். கால் மிதியை உருவிப் போட்டார். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒரு பென்சில் சீவியும் ஒற்றைச் சிவப்பு சாக்ஸும் கிடைத்தன. சின்ன சாக்ஸ். அதை மடித்து எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"நீங்க ஓட்டுங்க சார். நான் பின்னாடி உக்காந்து காது குடுத்துக் கேக்கறேன்."

பின் சீட்டில் வலது பக்கமாக ஏறி உட்கார்ந்தார். அவன் வண்டியைச் சந்திலிருந்து வெளியே எடுத்தான். வெயில் தார்ச்சாலையில் பரவிக் கிடந்தது. பின்னால் பார்ப்பதற்கான கண்ணாடி, கூரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் பின் சீட் தெரியாது. சில மாதங்களாக அது அப்படித்தான் இருந்தது.

கீச்.

"ஆங், வருது. மெதுவாப் போங்க. இப்ப கொஞ்சம் வேகமா. சரி, நான் அந்தப் பக்கமா சாஞ்சு..."

கீச். கீச்.

"...சாஞ்சு பாக்கறேன். இந்த ஓரத்துலதான்..."

பேச்சு நின்றது.

அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான். மெக்கானிக் அடுத்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தான். சிக்னல் வந்தது. சிவப்பு. பின்னாலிருந்து மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. ஈரமான, நிதானமான, தூங்குகிறவர்கள் விடும் மூச்சு.

"தூங்கிட்டீங்களா?" என்று கேட்டான்.

"சார்." மெக்கானிக்கின் குரல் கம்மிப் போயிருந்தது. "ஓரமா நிறுத்துங்க. நான் இறங்கிக்கறேன்."

இறங்கியவர் வண்டியை விட்டுத் தள்ளிப் போய் ஒரு சுவரோரமாக நின்றார். துணியை எடுத்துத் தன் இடது தோளைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அங்கே எண்ணெயோ அழுக்கோ எதுவும் இல்லை.

"வீட்டுல யாராவது..." என்று ஆரம்பித்து விழுங்கினார். "யாராவது தவறிட்டாங்களா சார்?"

"பொண்ணு. காய்ச்சல். மழை சமயத்துல."

"பின்னாடி எந்தப் பக்கம் உக்காருவா?"

"இடது பக்கம்."

மெக்கானிக் அவன் முகத்தையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது. கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

"வண்டியில பழுது ஒண்ணும் இல்ல சார். அந்த சீட்டு காலியா இல்ல. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அவன் தலையாட்டினான். வெகுநேரம் மரத்துக் கிடந்த காலில் முதல்முதலாக ஊசி குத்துவதுபோல உள்ளே எங்கோ ஒன்று சுருக்கென்றது.

மெக்கானிக் ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தே போனார்.

*

மகளுக்கு வீட்டில் குந்துமணி என்று பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். ஏழு வயதிலும் ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். தினமும் காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் அவன் கடைக்குப் போவான்.

இப்போது மறுபடியும் பள்ளி வழியாகவே போக ஆரம்பித்தான். முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒருநாள், "இன்னிக்கு டிராஃபிக்கே இல்ல பாத்தியா," என்றான். பதில் வரவில்லை. கீச் என்று சக்கரம் மட்டும் சொன்னது. அது போதுமாக இருந்தது. கடை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல் சுற்றுப்பாதையில் ஓட்டினான். பாலம், மீன் மார்க்கெட், பழைய தியேட்டர். எதிரே வருவதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். கண்ணாடியை மட்டும் திருப்பவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் தபால் நிலையத்தில் கவுண்டரில் வேலை செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவேயில்லை. பஸ்ஸில் போய் வந்தாள். இருவருக்கும் இடையில் பேச்சென்று மிஞ்சியிருந்தது தண்ணீர் மோட்டாரும் சாவியும்தான். "மோட்டார் போட்டாச்சா?" "போட்டாச்சு." "சாவி?" "மேல இருக்கு." இரண்டு பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பதுபோல இருந்தார்கள்.

காரில் ஒரு வாடை தங்க ஆரம்பித்தது. பினாயிலும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை. இடது பின் ஜன்னலில் மட்டும் உள்பக்கமாக ஆவி படிந்தது, வெயில் நேரத்தில்கூட. சீட்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒருநாள் கதவருகே நின்று அதைப் பார்த்தான். அகலமான பள்ளம். குழந்தை உட்கார்ந்து அவ்வளவு அகலமாகப் பள்ளம் விழாது என்று அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்தவர் கண்ணைச் சோதித்தே பிழைப்பு நடத்துகிறவன், தன் கண் சொன்னதைக் கேட்காமல் கதவைச் சாத்தினான்.

பசி விட்டுப்போனது. இடுப்பு வாரில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டான். கீச்சுச் சத்தம் முதலில் வேகத்தடை ஏறும்போது மட்டும் வந்தது. பிறகு சமமான சாலையிலும் வந்தது. பிறகு நிற்கவேயில்லை. ஒருநாள் வளைவில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை நூலிழையில் தவறவிட்டது. அவர் கீழே விழுந்து, எழுந்து, வாய்க்கு வந்தபடி திட்டினார். அவன் இறங்கி அவருடைய சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். நெஞ்சு படபடக்கவில்லை. தான் செத்திருந்தாலும் படபடத்திருக்காது என்று நினைத்தான்.

அதை மெக்கானிக் பார்த்தார். பெயிண்ட் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தவர், இடது பின்பக்கம் டயரின் மேலேயே உட்கார்ந்துவிட்ட காரையும் அதை ஓட்டிப்போகிறவனையும் பார்த்தார். அவன் மனைவி தபால் நிலையத்தில் இருப்பதைப் பெயிண்ட் கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். நேரே போய் அவளுடைய வரிசையில் நின்றார். முறை வந்ததும் தபால் தலை எதுவும் கேட்கவில்லை.

"மேடம், சாரோட வண்டியில நீங்க ஒரு தடவை உக்காந்து பாக்கணும்."

"எதுக்கு?"

"சார் தனியா ஓட்டல மேடம்."

*

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு அவன் வெளியே வந்தபோது, அவள் காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்கியது. நீலத் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொல்லணும்னு தோணவே இல்லையா உங்களுக்கு?"

அவன் சாவியைக் கையில் புரட்டினான்.

"நானும்தானே பெத்தேன்?"

"சொன்னா போயிடுவாளோன்னு..." என்றான். வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தொளதொளவென்று தொங்கிய சட்டையைப் பார்த்தாள். திட்ட நினைத்ததைத் திட்டவில்லை. வலது பக்கக் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறினாள்.

"ஓட்டுங்க."

கடைத்தெருவைத் தாண்டினார்கள். சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளா, வாடையைப் பிடிக்கிறாளா என்று தெரியவில்லை.

"குந்துமணி," என்று அவள் கூப்பிட்டாள். மெல்ல, தூங்குகிற குழந்தையை எழுப்புகிற குரலில். "கண்ணு. அம்மா வந்திருக்கேன்டா."

கீச். கீச்.

அவன் கையை உயர்த்தி, கண்ணாடியைக் கீழே திருப்பினான். இப்போது மனைவி கூட இருக்கிறாள், பார்க்கலாம் என்று தோன்றியது. கண்ணாடியில் மனைவியின் முகமும், அவளுக்குப் பக்கத்தில் காலியான சீட்டும், ஆவி படிந்த ஜன்னலும் தெரிந்தன. அவள் இடது கையை நீட்டி, அந்தக் காலியிடத்தில் மெதுவாக வைத்தாள்.

கை சீட்டைத் தொடவில்லை.

சீட்டுக்கு ஒரு சாண் மேலேயே நின்றது, எதன்மேலோ ஊன்றியதுபோல.

அவள் முகத்தில் முதலில் ஒரு நெகிழ்ச்சி வந்தது. பிறகு அது அப்படியே உறைந்தது. விரல்கள் மெல்ல அகன்று, எதையோ தடவி, நின்றன.

"என்னங்க."

"என்ன?"

"நிறுத்துங்க."

"இங்க நிறுத்த முடியாது, பின்னாடி வண்டி..."

"நிறுத்துங்கங்க."

ஓரம் கட்டினான். அவள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். ஆனால் இறங்கவில்லை. கழுத்து பின்னுக்கு இழுபட்டது. திரும்பிப் பார்த்தாள்.

துப்பட்டாவின் ஒரு நுனி சீட்டின் இடது பக்கம் கிடந்தது. அவள் இழுத்தாள். வரவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். துணி விறைத்து நின்றது. அதன் மறுமுனை, அந்தப் பள்ளத்தின் அடியில், எதற்கோ கீழே அழுந்தியிருந்தது.

அதன்மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் துப்பட்டாவைக் கழுத்திலிருந்து உருவி அங்கேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

மூடிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டர் முன்னால் இருவரும் நின்றார்கள். சாலையில் ஜனங்கள் பையும் குடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் வலது கையால் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அது நம்ம பொண்ணு இல்லைங்க," என்றாள். குரல் காற்றாக வந்தது.

"எப்படிச் சொல்ற?"

"முழங்காலைத் தொட்டேன். பெருசு. ஆம்பளை முழங்கால். மேல துணி ஈரமா இருந்துது." தன் இடது கையைப் பார்த்தாள். "என் கை மேல கையை வெச்சு, தட்டிக் குடுத்துது."

அவன் காரைப் பார்த்தான். நடைபாதையோரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாதாரணமாக நின்றுகொண்டிருந்தது.

இத்தனை நாள் பாலத்தைக் காட்டினான். மீன் மார்க்கெட்டைக் காட்டினான். பள்ளி வாசலில் நிறுத்தி, மணி அடிக்கும்வரை காத்திருந்தான். யாருக்கு?



"இந்தச் சத்தம் எப்போலேருந்து வருது?" என்று அவள் கேட்டாள். "யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. "ஆஸ்பத்திரியிலேருந்து வந்தோமே, அன்னிக்கு. வரும்போதே வந்துது."

"நான் வந்து முன்னாடி உக்காந்துட்டேன். எனக்குக் கண்ணே தெரியல. நீங்க உடனே வரல. ரொம்ப நேரம் வரல. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அவன் காரின் பக்கம் திரும்பினான்.

"பின் கதவைத் திறந்து பிடிச்சிட்டு நின்னேன்."

"எதுக்கு?"

"பழக்கம். அவ ஏறினப்புறம்தானே நான் போய் உக்காருவேன். அவ ஏறட்டும்னு நின்னேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துது. சாத்திட்டு வந்துட்டேன்."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா வேறெதுவுமா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அந்தக் கைக்குள்ளேயே அடங்கியது. பிறகு கையை எடுத்தாள். எல்லாம் வடிந்துபோன குரலில் சொன்னாள்.

"எங்க ஏறுச்சோ அங்கயே கொண்டுபோய் விடுவோம்."

*

இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் திரும்பவில்லை. வழி நெடுகச் சக்கரம் உரசிக்கொண்டே வந்தது. ரப்பர் தீயும் நாற்றம் வந்தது. அதை மீறிப் பினாயில் வாடை. பாதி வழியில் அந்த மூச்சின் சத்தம் மாறியதை அவன் கவனித்தான். அதுவரை தூங்குகிறவர்களின் மூச்சாக இருந்தது. இப்போது விழித்துக்கொண்டவர்களின் மூச்சு.

அது முன்பக்கம் நகர்ந்து வந்தது. அவனுடைய தலைக்குப் பின்னால், சீட்டின் மேல்விளிம்பில், இரண்டு கைகள் பற்றுவதுபோலத் துணி கரகரத்தது.

அவன் பிடரியில் ஈரக்காற்று பட்டது.

"திரும்பாதீங்க," என்று அவள் முணுமுணுத்தாள். "ரோட்டைப் பாருங்க."

அவன் ரோட்டைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு முன்னால் வண்டிகள் வந்து ஆளை இறக்கிவிட்டுப் போகும் வளைவு. மேலே கூரை. கண்ணாடிக் கதவுகள், ஆள் கிட்டே வந்தால் தானாக விலகுபவை. அன்றைக்கு நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினான். ஆள் நடமாட்டம் குறைவான நேரம். காவலாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் இறங்கிச் சுற்றி வந்தான். இடது பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவனுக்குப் பின்னால், அவன் சட்டையைப் பற்றியபடி நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"சார், வண்டியை எடுங்க. ஆம்புலன்ஸ் வர்ற இடம்," என்றார் காவலாளி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒருத்தர் இறங்கணும்," என்றான்.

"சீக்கிரம் இறங்கச் சொல்லுங்க."

அவன் குனிந்து, காலியான சீட்டைப் பார்த்தான். அதுவரை யாரிடமும் பேசியிராத குரலில், "வந்துடுச்சு. இறங்குங்க," என்றான்.

சீட்டின் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக முனகின. துப்பட்டா அசைந்தது. விறைப்பு விட்டு, சுருங்கி, வழுக்கிக் கால் மிதியில் விழுந்தது. கார் ஒரு பெருமூச்சோடு இடது பக்கம் நிமிர்ந்தது.

அவன் முகத்தை உரசிக்கொண்டு ஈரக் கம்பளியின் வாடை கடந்துபோனது.

காவலாளி போனைப் பார்த்தபடியே, நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டார்.

கண்ணாடிக் கதவுகள் விலகின. யாருமில்லை. ஓர் ஆள் உள்ளே போக எவ்வளவு நேரமாகுமோ அதைவிட அதிக நேரம், மெதுவாக நடக்கிறவர்களுக்காகக் காத்திருப்பதுபோல, திறந்தே இருந்தன. பிறகு மூடிக்கொண்டன.

அவள் அவனுடைய முதுகில் நெற்றியை வைத்துச் சாய்ந்தாள்.  அவன் குனிந்து டயருக்கு மேலே கையை நுழைத்தான். உள்ளங்கை முழுசாகப் போனது.

"போயிடுச்சு," என்றான்.

கதவைச் சாத்தப் போனான்.

கை வரவில்லை. நசுங்கிக் கறுத்த நகம் திடீரென்று வலித்தது. நகம் மட்டுமில்லை, விரல், மணிக்கட்டு, நெஞ்சு, எல்லாம் ஒரேயடியாக வலித்தது. இந்தக் கதவைச் சாத்தினால் அந்த சீட் உண்மையாகவே காலி. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு, பெரிதாக வாயைத் திறந்து, சத்தமே வராமல் அழுதான். அவள் அவன் சட்டையை விடவில்லை.

அப்போது கண்ணாடிக் கதவுகள் மறுபடி விலகின.

உள்ளே நீண்ட வராந்தா. ஒருவரும் இல்லை.

இருவரும் அந்த இடைவெளியைப் பார்த்தார்கள். கதவுகள் சட்டென்று மூடிக்கொண்டன.

"சாத்தாதீங்க," என்றாள் அவள், உதடு அசையாமல்.

அவன் சாத்தவில்லை.

காற்றில்லை. வாடையில்லை. எதுவும் அவனை உரசவில்லை. அவனுடைய இடுப்பு உயரத்தில் மட்டும், சட்டையின் கீழ்நுனி ஒரு பக்கமாக லேசாக ஒதுங்கியது.

கார் அசைந்தது.

கொஞ்சம்தான். அவன் கையை நுழைத்துப் பார்த்தான். ஒரு விரல் அளவுகூடக் குறையவில்லை. ஆனால் குறைந்திருந்தது.

"கனம் கம்மி," என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்த்தான். மழைக்காலத்திலிருந்து இன்றுவரை. இந்த வாசலில். தன்னுடைய இடத்தில் வேறு யாரோ ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு குந்துமணி நின்றிருந்தால்?

"அவதானா?"

"தெரியல."

"ஒரு தடவை தப்பா நினைச்சிட்டேன்."

"எனக்கும் தெரியலைங்க." அவள் கண்கள் அந்தச் சீட்டை விட்டு நகரவில்லை. ஆனால் கையை நீட்டித் தொட்டுப் பார்க்கவும் இல்லை. "தொட்டுப் பாக்கவும் பயமா இருக்கு."

"சார், இறங்கியாச்சுல்ல? எடுங்க வண்டியை," என்று காவலாளி குரல் கொடுத்தார்.

அவன் மனைவியைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். இறங்கச் சொல்லலாம் என்று அவனும் சொல்லியிருக்கலாம்.

"சாத்துங்க," என்றாள் அவள்.

கதவைச் சாத்தினான். அது மெல்லிய சத்தத்தோடு பொருந்தியது. இருவரும் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கண்ணாடியை அவன் தொடவில்லை. அவள் கையை உயர்த்தி, அதை மறுபடி கூரையைப் பார்த்துத் திருப்பிவைத்தாள்.

வளைவைத் தாண்டி வாசலை நெருங்கினார்கள். சக்கரத்தில் சத்தமே இல்லை. சாலையில் ஏறுவதற்கு முன்னால் இடதும் வலதும் பார்க்க அவன் வண்டியை நிறுத்தினான்.

பின் சீட்டில், இடது பக்கத்தில், பெல்ட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, அதை மாட்டும் சத்தம்.